கட்டைக் கயிறும் பழரச அபிஷேகமும்

பொய் சொல்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் ஒரு பொய்யைச் சொன்னால், அதைச் சரிபார்க்க வீட்டில் ஆளிருக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த முதலாவது ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். அம்மா அவரைவிட ஒரு வகுப்புக் கூட (அதைச் சண்டை வரும்போது மட்டும் ஞாபகப்படுத்துவார்). இருவரும் பாரிஸில் பத்து வருடம் இருந்தார்கள். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார், அம்மா அலுவலகங்கள் துடைத்தார். எனக்கு நாலு வயதாகும்போது லண்டனுக்கு வந்து ஹரோவில் குடியேறினோம். நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து கவுன்சில் கடிதம், பொய்லர் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் கடதாசி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் வாசித்துவிட்டுச் சொல்வதுதான் சட்டம். "தம்பி வாசிச்சுப்போட்டான்" என்று அம்மா சொன்னால் வழக்கு முடிந்தது.

இந்த நம்பிக்கைக்குரிய நான் இரண்டு பொய் சொன்னேன். ஒன்று வேலைத்தலத்தில். மற்றது வீட்டில். இரண்டும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தெரியாமல், ஐந்தரை மாதம் சுகமாக வாழ்ந்தன.

வேலைத்தலப் பொய் விண்ணப்பத்திலேயே தொடங்கியது. மத்திய லண்டனில் ஒரு பழைய வைன் இறக்குமதிக் கொம்பனி. நிலவறை உள்ள கட்டடம், படிக்கட்டில் கம்பளம், சுவரில் செத்துப்போன முதலாளிகளின் படம். சரக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேவை, பிரெஞ்சு தெரிந்தால் நல்லது என்று போட்டிருந்தார்கள். நான் "பிரெஞ்சு: சரளம். பிறந்த இடம்: பாரிஸ்" என்று எழுதினேன். பாரிஸில் பிறந்தது உண்மை. பிறந்தபோது நான் எழுப்பிய சத்தம் பிரெஞ்சில் இல்லை என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. வேலை கிடைத்தது. ஆறு மாதம் பரீட்சார்த்தம், அதன்பிறகு நிரந்தரம்.

வீட்டுப் பொய் அடுத்த நாள். எங்கள் வீட்டில் இருமல் மருந்து வாங்கினாலும், "உதுக்குள்ளை அல்ககோல் கிடக்கோ எண்டு வாசி" என்று அம்மா போத்திலை நீட்டுவார். அப்படிப்பட்டவரிடம் போய் வைன் கொம்பனி என்று எப்படிச் சொல்வது?

"என்ன கொம்பனி ராசா?"

"இறக்குமதி அம்மா. பிரான்ஸிலை இருந்து திராட்சை."

"பழமோ?"

"பழம்... ரசமா வரும்."

"பழரசக் கொம்பனி!" என்றார் அம்மா, பல்கலைக்கழகம் என்று சொல்லும் அதே குரலில். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் மேலாளர் பெயர் ஹியூகோ. நெட்டையானவர். எதையும் ஆஸ்பத்திரியில் கதைப்பதுபோல் மெல்லமாகத்தான் சொல்வார். அவருக்கு ஒரேயொரு கனவு இருந்தது. அதன் பெயர் 'தொமேன் த லா கோர்த் கூர்த்'. நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதினேன். (இன்றும் அந்தக் கொப்பி இருக்கிறது. சோதனைக்குப் படிப்பதுபோல் சிவப்புப் பேனையால் அடிக்கோடு வேறு.) கோர்த் என்றால் கயிறு. கூர்த் என்றால் கட்டை, நீளம் போதாதது. ஆக, கட்டைக் கயிற்றுத் தோட்டம்.

பிரான்ஸில், பர்கண்டியில் ஒரு சரிவு. அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். மொத்தம் இரண்டு ஹெக்டேயர், எங்கள் ஊர்க் கணக்கில் எண்பது பரப்பு. எண்பது பரப்பில் எங்கள் ஆட்கள் வெங்காயம் வைத்தால் சீதனத்தோடு முடிந்துவிடும் கதை. இவர்கள் அதில் சார்டொனே திராட்சை வைத்து உலகத்தையே வரிசையில் நிற்கவைத்திருந்தார்கள். தோட்டத்தின் நடுவில் ஒரு கிணறு. முன்னோர் ஒருவர் தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் கயிறு ஒரு முழம் கட்டையாகவே இருந்ததாம். கல்லை உடைத்துக் கிணறு தோண்டியவருக்குப் புதுக் கயிறு வாங்க மனம் வரவில்லை. தண்ணீர் எட்டவில்லை, ஆகவே குடும்பம் வைனைக் குடித்தது என்பது அவர்களின் தலபுராணம். வெள்ளை வைன், ஆனால் வயதானால் நெய் உருக்கிய நிறத்துக்கு வரும். பிரித்தானியாவுக்குச் சில பெட்டிகள்தான் விடுவார்கள். அவை எப்போதும் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தன.

இப்போது தோட்டத்தை நடத்தும் மதாம் லண்டன் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் ஹியூகோவின் நோர்த்வூட் வீட்டில் சாப்பாடு. ஹியூகோவிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. மதாமின் மாமனார் கடைசியாகச் செய்த வருடத்து வைன் ஒரு போத்தில், எங்கள் நிலவறையில் முப்பது வருடமாக யாரும் தொடாமல் கிடந்தது. தோட்டத்திலேயே அந்த வருடத்தது இப்போது இல்லையாம். அதை மதாமின் முன்னால் வைத்து, "பாருங்கள், உங்கள் குடும்பத்தின் வைனை எப்படிக் காப்பாற்றினோம்" என்று காட்டுவதுதான் திட்டம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். அவர் மதாமைக் கூட்டிவர அன்று பின்னேரமே ரயிலில் பிரான்ஸ் போகிறார். ஞாயிறு காலைதான் திரும்புவார். அவர் வீட்டில் யாருமில்லை. நான் ஹரோவில் இருப்பவன், அவர் வீடு நாலு தரிப்புத் தள்ளி, ஆகவே ஞாயிறுவரை போத்தில் என் பொறுப்பு. போத்தில் இரண்டு நாள் நிமிர்ந்து நிற்கவேண்டும், அடியில் உள்ளது அடியிலேயே படியவேண்டும்.

"ஐந்து விடயம்," என்றார். "நேராக நிற்கவேண்டும். குளிராக இருக்கவேண்டும். வெளிச்சம் படக்கூடாது. ஆட்டக்கூடாது. தூசை மட்டும் தொடவே கூடாது. அது முப்பது வருட அமைதியின் அத்தாட்சி."

கொப்பியில் எழுதினேன். தூசுக்கு அடியில் இரண்டு கோடு.

"ஞாயிற்றுக்கிழமை நீதான் மதாமுக்கு மொழிபெயர்க்கிறாய். திங்கள் உன் நிரந்தரக் கடிதத்தைப் பற்றிக் கதைப்போம்," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மெட்ரோபொலிட்டன் லைனில் போத்திலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழும்பி இடம் தந்தார். ஏன் தந்தார் என்று இன்றுவரை தெரியாது. இருந்துகொண்டேன்.

வீட்டில் குளிரும் இருட்டும் ஒன்றாக உள்ள இடம் ஒன்றுதான்: சாமியறை. மேல்மாடியில் உள்ள சின்ன அறை. பூ வாடிவிடும் என்று அம்மா அங்கே ஹீற்றர் போடுவதில்லை. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் போத்திலை நிறுத்திவிட்டுத் திரும்பினால், அம்மா வாசலில்.

"உதென்ன?"

"கொம்பனிச் சாமான் அம்மா. ஞாயிற்றுக்கிழமை குடுக்கவேணும். தொடாதேங்கோ."

அம்மா கிட்ட வந்து பார்த்தார். "இது வைன் போத்தில் மாதிரியெல்லோ கிடக்கு? பாரிஸிலை குப்பை வாளி வாளியா அள்ளினனான், எனக்குத் தெரியாதே?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசல் திறந்தே இருந்தது.

"சீச்சீ," என்றேன். "பழரசத்திலையே ஆக உயர்ந்த ரகத்தை இப்பிடித்தான் அடைப்பினம்."

"ஆக உயர்ந்த ரகமோ?"

"உலகத்திலையே நம்பர் வண்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. என் சமாளிப்புத் திறமையை நானே மெச்சிக்கொண்டு கீழே போய்ப் புட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, கோயிலில் எங்கள் வீட்டு உபயம். பிள்ளையாருக்கு அபிஷேகம், பூசை, அன்னதானம் எல்லாம் எங்கள் பொறுப்பு. எனக்கு வேலை நிரந்தரமாகவேண்டும் என்பதற்காக அம்மா நேர்ந்த உபயம். நான் காலையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. வகுப்பு முடிந்ததும் வேட்டி மாற்ற வீட்டுக்குப் போனேன். குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனபோது, கழுவிய கோப்பைகள் வடிய வைக்கும் தட்டில் ஓர் ஈரக் கடதாசி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அதில் ஒரு கிணறு. ஒரு வாளி. ஒரு கட்டைக் கயிறு.

சாமியறைக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. பிள்ளையார் படம் இருந்தது. பக்கத்தில் போத்தில் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"போத்தில் எங்கை அம்மா?"

"என்னட்டைத்தான் கிடக்கு. கெதியா வா, அபிஷேகம் தொடங்கப்போகுது. பழரச அபிஷேகத்துக்கு இந்தமுறை கடையிலை வாங்கேல்லை. உன்ரை கொம்பனியின்ரை நம்பர் வண் இருக்கேக்கை பிள்ளையாருக்கு என்னத்துக்குக் கடைச் சாமான்?"

"அம்மா! அது—"

"என்ன ஊத்தை! உங்கடை கொம்பனியிலை போத்தில் கழுவ ஆளில்லையோ? ரெண்டு தரம் தேச்சனான். அடியிலை சீனி வேறை கற்கண்டு மாதிரிக் கட்டிபட்டுக் கிடக்கு. வடிவாக் குலுக்கிக் கொண்டந்திருக்கிறன். ஐயர் கூப்பிடுறார், வை."

கழுவியாயிற்று. குலுக்கியாயிற்று. பஸ்ஸில் படுக்கவைத்துக் கொண்டுபோயிருப்பார். விளக்குக்கு முன்னால் வைத்திருப்பார். ஐந்து கட்டளையில் நாலு முடிந்தது. கோயிலின் புழுக்கத்தை நினைத்தேன், ஐந்தும் முடிந்தது.

பெப்ரவரி மாதம், பாதி கட்டிய வேட்டியோடு ஹரோ வீதியில் ஓடுவது எப்படி இருக்கும் என்று கேட்டால், காற்று எல்லாப் பக்கத்தாலும் வரும் என்று மட்டும் சொல்வேன். ஒரு கையால் வேட்டியைப் பிடித்தேன், மறு கையால் வராத பஸ்ஸை மறித்தேன்.

எங்கள் கோயில் முன்பு ஸ்னூக்கர் விளையாடும் மண்டபமாக இருந்த கட்டடம். உள்ளே போனபோது பால் முடிந்து, இளநீர் முடிந்து, தேன் முடிந்து, எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையாரும் காத்துக்கொண்டு இருந்தார். ஐயர் போத்திலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்காய் உடைக்கும் கத்தியால் அதன் கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தார். தக்கைக்கு மேலே பூசியிருந்த மெழுகு முழுக்கப் போய்விட்டது. தக்கை மட்டும் அசையவில்லை.

போத்தில் பளபளவென்று இருந்தது. மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். கழுத்தில் மஞ்சள் நூல்.

"இதென்ன மூடியப்பா, பத்து நிமிஷமா மல்லுக்கட்டுறன்," என்றார் ஐயர் வியர்வையைத் துடைத்து. "ஆராவது பெலமான ஆக்கள் வாங்கோ."

வந்தவர் லாச்சப்பல் மாமா. உண்மைப் பெயர் வேறு. பாரிஸில் லாச்சப்பல் பக்கம் நீண்ட காலம் உணவகத்தில் பரிமாறியவர் என்பதால் அந்தப் பெயர். கோயிலில் மைக் அவர் கையில்தான் இருக்கும். சாப்பிடும்போதும் கீழே வைக்கமாட்டார். ஒரு கையில் மைக்கோடு வந்து, மறு கையால் போத்திலை வாங்கினார். வாங்கியதும் அவருடைய பெருவிரல் தானாகப் போத்திலின் அடிக் குழிக்குள் போனது. பழைய தொழில் விரலுக்கு மறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தக்கையை மணந்து பார்த்தார்.

"ஐயா," என்றார், ஒலிபெருக்கியில், மண்டபம் முழுக்க. "இது வைன்."

நாதஸ்வர சீடி மட்டும் தொடர்ந்து பாடியது.

"அதுவும் சும்மா வைன் இல்லை," என்று மாமா உத்தியோகபூர்வமாகத் தொடர்ந்தார். "மெத்தத் திறமான வைன்."

"மாமா, மைக்கை நிப்பாட்டுங்கோ!" என்று நான் கத்தினேன். அந்தக் கத்தலால்தான் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. காலையில் நான் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் பாதிப்பேர் அங்கே நின்றார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் ஆங்கிலத் தமிழில் தெளிவாகக் கேட்டது: "அம்மா, சேர் பிள்ளையாருக்கு வைன் கொண்டந்தவரோ?"

அம்மா என்னைப் பார்த்தார். "பழரசமெண்டெல்லோ சொன்னனி?"

"பழரசந்தான் அம்மா," என்றேன். "கொஞ்சம்... பழசு."

எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். பிறகு யாரும் அடக்கவில்லை. அப்பா, உபயகாரர் என்பதால் பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றவர், நிலத்தைப் பார்த்தார். ஐயர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். "அபிஷேகம் நிக்கக்கூடாது. பன்னீரை எடுங்கோ," என்றார். போத்தில் என் கையில் தரப்பட்டது. அதை ஏந்திக்கொண்டு பூசை முடியும்வரை சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே போக எனக்கும் முகம் இல்லை, அதற்கும் அனுமதி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே குசினிக்குள் போனார். நான் சாமியறையில் கதவைச் சாத்திக்கொண்டு திருத்த வேலையில் இறங்கினேன். நிரந்தர வேலை இனிப் போனதுதான் என்று தெரிந்தபிறகு மனித மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான் ஓர் ஆதாரம். கிழிந்த லேபலைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். தூசு உறிஞ்சும் ஹூவரின் பையைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துத் தூவினேன். முப்பது வருட அமைதியின் அத்தாட்சியில் ஒரு கருவேப்பிலையும், அம்மாவின் ஸ்ரிக்கர் பொட்டு இரண்டும் இருந்தன.

கதவு திறந்தது. அம்மா தேத்தண்ணியோடு நின்றார். போத்திலைப் பார்த்தார். ஹூவரைப் பார்த்தார்.

"என்ன செய்யிறாய்?"

"அவையளுக்குத் தூசு முக்கியம் அம்மா. தூசு இல்லையெண்டா என்ரை வேலை இல்லை."

"தூசோ?"

"ஓம்."

அம்மா தேத்தண்ணியை நிலத்தில் வைத்தார். "பாரிஸிலை பத்து வருஷம் தூசு துடைச்சனான். திருப்பித் தா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." சீலைத் தலைப்பால் போத்திலைத் துடைத்தார். லேபல் கையோடு வந்தது. சந்தனத்தை மட்டும் தொடவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக்கூடாதாம். "இனி ஒரு பொய்யும் வேண்டாம். நான் கழுவினது. நாளைக்கு நான் வந்து சொல்லுறன்."

"அம்மா, நீங்கள் வரேலாது!"

"ஏன் ஏலாது? வடையும் சுட்டுக்கொண்டு வாறன்."

வேலையை இழக்கப் போகிறவன் தாயோடும் ஒரு டின் வடையோடும் போனான் என்று சரித்திரத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம். ஹியூகோவின் வீட்டில் வெள்ளை மேசைவிரிப்பு. மதாம் குட்டையான பெண்மணி, கட்டையாக வெட்டிய நரைமுடி, மண்ணில் வேலை செய்யும் கைகள். பக்கத்தில் வைனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும் ஒருவர், பச்சைக் கோட்டு, நீண்ட மூக்கு. ஹியூகோ அம்மாவையும் வடை டின்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ இந்திய உபசார முறை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு கதிரை போட்டார்.

மதாம் என்னைப் பார்த்து ஒரு நீளமான பிரெஞ்சு வசனம் சொன்னார். போனில் நான் படித்த முப்பது வசனங்களில் அது இல்லை.

"ஊய்," என்று பிரெஞ்சில் ஓம் சொன்னேன், புன்னகையோடு.

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹியூகோ.

"பயணம் மிகவும் வசதியாக இருந்ததாம்."

அம்மா என் காதுக்குள் குனிந்தார். "டேய், கை கழுவுற இடம் எங்கையெண்டு கேக்கிறா."

பிறகு அம்மாவே எழும்பி, ஹியூகோவின் வீட்டுக்குத் தானும் முதன்முறை வந்தவர் என்பதைப் பொருட்படுத்தாமல், மதாமைக் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழியெல்லாம் பிரெஞ்சு கேட்டது. எங்கள் வீட்டில் இருபது வருடமாக யாரும் பேசாத பிரெஞ்சு. ஹியூகோ என்னைப் பார்த்தார். என் முதலாவது பொய் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் திரும்பி வந்ததும் வேறு வழியில்லாமல் போத்திலைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். லேபல் இல்லை. தூசு இல்லை. மெழுகு இல்லை. விபூதி இருந்தது. ஹியூகோவின் முகம் மேசைவிரிப்பின் நிறத்துக்கு வந்தது.

"என்ன இது?" என்று கேட்டார், அதே ஆஸ்பத்திரிக் குரலில்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா எழுந்தார். தன் நெஞ்சைத் தொட்டார். "முவா," என்றார் மதாமிடம். நான்தான் என்று. பிறகு போத்திலைக் காட்டி, "பூத்தெய் சால், மதாம். த்ரே சால்!" போத்தில் ஊத்தை, பொல்லாத ஊத்தை. அங்கே நிற்கவில்லை. அம்மாவுக்குப் பிரெஞ்சில் கவிதை தெரியாது, அரசியல் தெரியாது. ஆனால் அழுக்குக்கு மட்டும் ஏழெட்டுச் சொல் தெரியும். தூசுக்கு ஒன்று, சிலந்தி வலைக்கு ஒன்று, எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒன்று. எல்லாவற்றையும் அன்று பாவித்தார். கடைசியாக மதாமைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்டார். அது என்ன என்று எனக்குப் பின்னேரம்தான் தெரியும்: 'இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு துணி இல்லையோ?'

மதாம் மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கிளாஸ்கள் ஆடின. என் வேலை போய்விட்டது என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது மதாம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று கதைத்தார். அம்மா "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினார்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹியூகோ கேட்டது இந்தமுறை என்னை அல்ல, அம்மாவை. அம்மா எனக்குச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்க்கையின் முதலாவது உண்மையான மொழிபெயர்ப்பு.

"பாவம், அவ கலியாணம் முடிச்சு அந்தத் தோட்டத்துக்குப் போன நாளிலை இருந்து அந்த நிலவறையைக் கழுவோணுமெண்டு துடிச்சவவாம். மாமன் விடேல்லையாம். தூசைத் தொட்டா வீட்டை விட்டுப் போ எண்டவராம். மாமி அதுக்கு மேலையாம். இண்டைக்கு வரைக்கும் ஒரு போத்தில் கழுவினதில்லையாம்." அம்மா பெருமூச்சு விட்டார். "எங்கை போனாலும் மாமி மாமிதான்."

ஹியூகோ தக்கையை இழுத்தார். அது வெளியே வந்தபோது அதன் உடம்பில் வருடமும் தோட்டத்தின் பெயரும் சுட்டுப் பதித்திருந்தன. லேபல் போனாலும் அடையாளம் போகவில்லை. உச்சியில் மட்டும் நாலைந்து வெட்டு. மதாம் அதைத் தடவி, அம்மாவைப் பார்த்தார்.

"ப்ரெத்ர்," என்றார் அம்மா. "கூத்தோ. கொக்கோ." ஐயர், கத்தி, தேங்காய் மூவரும் வரிசையாக அறிமுகமானார்கள். மிச்சத்தை நான் ஒளிக்காமல் சொன்னேன்: பிள்ளையார், அபிஷேகம், பத்து நிமிட மல்லுக்கட்டு, எல்லாம்.

"திறக்கவில்லையா?" என்று மதாம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, மதாம்."

தக்கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஒரு கோயில் முழுக்கச் சேர்ந்தும் திறக்க முடியாத தக்கை. அவருடைய முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்தால், வைனைவிட அதைத்தான் அந்தக் குடும்பம் செய்துகொண்டிருந்ததோ என்று தோன்றும்.

பச்சைக் கோட்டுக்காரர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவருக்குத் தொழில்தான் முக்கியம். மூக்கைக் கிளாசுக்குள் விட்டுக் கண்ணை மூடினார். "சந்தனம்," என்றார். எழுதினார். "தூரத்தில்... புகை. கற்பூரம்? இந்தத் தோட்டத்தில் இதுவரை நான் கண்டதில்லை." போத்தில் அவருடைய கைக்குப் பக்கத்தில்தான் நின்றது, மூன்று குறியோடு. ஹியூகோ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. (அது பொய் இல்லை. பேசாமல் இருந்தது.)

"அவர் என்னவாம்?" என்றார் அம்மா.

"சந்தனம் மணக்குதாம்."

"மூக்கு நல்ல மூக்குத்தான்."

எனக்கும் ஒரு வாய் ஊற்றினார்கள். அம்மாவைப் பார்த்தேன். "குடிச்சுப் பாரன். கொம்பனி வேலையெல்லோ," என்று முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். குடித்தேன். என் வாழ்க்கையின் முதல் வைன், ஹியூகோவின் கனவு, எண்பது பரப்பின் சாரம்.

"என்ன மாதிரிக் கிடக்கு?" என்றார் அம்மா திரும்பாமலே.

யோசித்தேன். "கல்லுக் கிணத்துத் தண்ணியிலை தேசிக்காய் பிழிஞ்சு விட்ட மாதிரி."

"இதுக்கோ இவ்வளவு பாடு?"

மதாம் வடை நாலு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஹியூகோ என் விண்ணப்பத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். "உனக்குப் பிரெஞ்சு தெரியாது," என்றார்.

"தெரியாது."

"உன் அம்மாவுக்குத் தெரியும்." சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினார். மதாம் எங்களுக்கு இருபது பெட்டி தர ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு நிபந்தனை: வருடத்தில் ஒரு தடவை தொலைபேசியில் 'மதாம் அம்மா'வோடு கதைக்கவேண்டும். கொம்பனிக்காகக் கட்டைக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பவர் என் அம்மா, அம்மாவின் மகன் என்ற உத்தியோகம் எனக்கு. அதை நிரந்தரமாக்கினார்கள்.

நாலு வருடமாகிவிட்டது. திராட்சை வெட்டி முடிந்ததும் மதாமிடமிருந்து ஒரு பெட்டி வரும். உள்ளே புளிக்கவைக்காத, தோட்டத்தில் அன்றன்று பிழிந்து காய்ச்சி அடைத்த திராட்சைச் சாறு, ஆறு போத்தில். பளபளவென்று கழுவித் துடைத்து. தக்கை இல்லை, கையால் திருகும் மூடி. ஐயருக்காகவாம். அம்மா ஒவ்வொரு போத்திலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இன்னொருமுறை கழுவுவார். நான் சொல்வதை வாசித்துச் சரிபார்க்க இப்போது வீட்டில் ஆளிருக்கிறது. லேபலை அம்மாவே எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.

எங்கள் உபயம் அன்று லாச்சப்பல் மாமா மைக்கோடு முன்னுக்கு வருவார். மூடியைத் திருகுவார். மணந்து பார்ப்பார். சபை காத்திருக்கும். "பரிசோதிச்சாச்சு," என்று அறிவிப்பார். "பழரசந்தான். ஐயா, ஊத்துங்கோ." அதன்பிறகு நான் பால் செம்போடு வரிசையில் வருவேன். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஏற்கனவே வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். மாமா மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டுவார்.

"தம்பி, இது பாலோ, பழசோ?"